நள்ளிரவு நாற்காலி

நள்ளிரவு டி.வி. அரட்டை நிகழ்ச்சியில் மனைவியைக் கிண்டலடித்தே ஊரையெல்லாம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர் அவர். ஓகோவென்று ஓடிய நிகழ்ச்சியை இந்த வருடம் சீண்டுவாரில்லை. நேற்று அவரை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்தியே விட்டார்கள்.

காலையில் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என் ஜோக்கெல்லாம் அலுத்துப்போச்சாம். வேற ஆளைப் போடறாங்களாம்.”

“பின்னே? கொஞ்ச நாளா அரைச்ச மாவையேதானே அரைச்சீங்க!” என்றாள் மனைவி.

“அது இருக்கட்டும். புது ஆள் யாருன்னு கேட்டா, ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்கறான்.”

“நான்தான் சொல்லவேண்டாம்னேன்.”

“நீயா? எதுக்கு?”

“நானே சொல்லலாம்னுதான். உங்க நாற்காலியில உட்காரப்போறது நான்தாங்க.”

“நீ என்னத்தடி பேசுவே?” என்றார்.

“விஷயத்துக்கா பஞ்சம்? இத்தனை வருஷமா உங்களோடதானே குடித்தனம் பண்றேன்!”