பதிவேட்டில் ஒரு வாசகர்

முழங்காலில் விழுந்த முதல் அடியிலேயே யேசுதாஸ் தன் வீட்டு வாசலில் சரிந்தான்.

"இன்னா வக்கீல் சாரு! தொழிலாளர் சட்டப் பொஸ்தகத்த லைப்ரரில ஆறு வாட்டி எடுத்துக்கிறியாமே? அதப் படிச்சிட்டு ஸ்ட்ரைக்குன்னு ஏத்தி வுட்டது நீதானா?" இரும்புத் தடியைத் துடைத்தபடி கேட்டான் ஆலையின் அடியாள் சின்னராசு.

கதவோரம் நின்ற அவன் மனைவி ஞானம்மா வாயைத் திறந்தாள். யேசுதாஸ் அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தான்.

"நான்தாண்ணா. நானேதான் படிச்சேன்."

அடுத்த அடி மண்டையைப் பிளந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராமபத்ரன் வந்தார். கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்கள் என்ன படிக்கிறார்கள் என்று நூலகவியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்பவர். நூலகப் பதிவேட்டைப் பார்த்து, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று அவர் எழுதிய பட்டியலை வாங்கிக்கொண்ட பிறகுதான் மானேஜர் அவரை ஆலைக்குள் விட்டிருந்தார்.

"இப்படி ஆகும்னு தெரியாதும்மா," என்று அழுதார். "என் பட்டியல்ல அவர்தான் முதல் வாசகர்."

ஞானம்மா அந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"பதிவேட்டுல பேரப் பாத்தியே, பக்கத்துல கையெழுத்தப் பாத்தியா சார்? ஆறும் கைநாட்டு. அவுருக்கு 'அ'னா கூடத் தெரியாது. படிச்சவ நானு."

அவர் புத்தகத்தோடு எழுந்தார்.

"இத லைப்ரரில குட்த்துட்டு, என் பேருல ஒரு கார்டு போடச் சொல்லு."