அதிர்ந்து பேசாத தோப்ரி

"அதிர்ந்து பேசாதவனாம்! யாரு, தோப்ரியா?"

பஸ் நிறுத்தத்தில் லோசன் போட்ட சத்தத்தில், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கம்பத்தில் ஒரு நினைவு நோட்டீஸ். சுற்றிலும் கறுப்புக் கட்டம், நடுவில் தோப்ரியின் படம். 'மறைந்து இருபது ஆண்டுகள். ரயில்வே குமாஸ்தாவாக உழைத்தவர். அதிர்ந்து பேசாதவர். ஆட்டம் பாட்டம் பிடிக்காதவர். என்றும் மறவாத மகள், இஸ்க்ரா.'

தோப்ரி லோசனுக்குப் பெரியப்பா மகன். இரண்டு பேரும் டான்யூப் நதியில் ஒரே இழுவைப் படகில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர்கள்.

"பெத்த அப்பன் என்ன வேலை பார்த்தான்னுகூடத் தெரியாம ஒரு பொண்ணு!"

ரூசே நகரம் முழுக்க இதை ஒட்டியிருப்பாள். இனிமேல் தோப்ரி என்றால் ஊருக்கு இந்த ஊமைக் குமாஸ்தாதான் ஞாபகம் வருவான். இதை எப்படி விடுவது?

செத்தவர் நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது என்பார்கள். லோசன் கிழித்தார். கிழித்த கையோடு தோப்ரி வீட்டுக்கு நடந்தார்.

தோப்ரி போன பிறகு அவன் மனைவி மூன்று வயதுக் குழந்தையோடு வர்னாவுக்குப் போய், வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். வளர்ந்த மகள் இரண்டு வருடம் முன்பு தனியாகத் திரும்பி வந்து அதே வீட்டில் இருப்பது லோசனுக்குத் தெரியும். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

கதவு திறந்தது. அப்படியே தோப்ரியின் மூக்கு.

"நீதான் இஸ்க்ராவா? நான் லோசன். உனக்குச் சித்தப்பா முறை."

"வாங்க சித்தப்பா."

"வர்றது இருக்கட்டும். இது என்ன கூத்து?"

அவள் நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். "தப்பா இருக்கா?"

"தப்பாவா? இதுல சரியா இருக்கிறது போட்டோ ஒண்ணுதான்!"

"அம்மா அவரைப் பத்தி வாயே திறக்கல. எனக்கு என்ன தெரியும் சித்தப்பா?"

"தெரியலன்னா நாலு பேரைக் கேட்டிருக்கணும்!"

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்க. குமாஸ்தாவும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. சுக்கான் பிடிச்சவன். அதிர்ந்து பேசாதவனா? ஒரு தடவை மூடுபனியில படகு ஹாரன் கெட்டுப்போச்சு. கைய நீட்டினா கை தெரியல. உங்கப்பன் சுக்கானை என் கையில குடுத்துட்டு முன்னாடி போய் நின்னு, கரை வர்ற வரைக்கும் ஹாரனாட்டம் கத்திக்கிட்டே வந்தான். எதிர்க்க வந்த ருமேனியாக்காரன், நிஜ ஹாரன்னு நினைச்சுப் பதிலுக்கு அடிக்கிறான்!"

இஸ்க்ரா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம்?"

"நீ பொறந்த அன்னிக்கு நீ பார்த்திருக்கணும்! பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ள ஆம்பளைங்கள விடமாட்டாங்க. கீழ நின்னு ஜன்னலைப் பார்த்துத்தான் பேசணும். இவன் போட்ட சத்தத்துல நாலு மாடி ஜன்னலும் திறந்திருச்சு. 'புள்ள பேரு இஸ்க்ரா!'ன்னு கத்துறான். 'படகு பேரையா என் புள்ளைக்கு வைப்ப?'ன்னு உங்கம்மா மேலேருந்து கத்துறா. ஆஸ்பத்திரியே சிரிக்குது."

பேனா நின்றுவிட்டது.

"படகு பேரா?"

"ஆமா. எங்க படகு பேரு இஸ்க்ரா. ஆத்துலயே அடங்காத படகு அதுதான்னு பீத்திக்குவான். இதுகூட உனக்குத் தெரியாதா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கண்கள் நிறைந்துவிட்டன. லோசனுக்கு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை வருடமாக இந்தப் பெண்ணுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையே!

"சரி, அழாத. நானே அச்சகத்துக்குப் போய் வேற நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடறேன்."

"வேண்டாம் சித்தப்பா. ஒரு வாரம் இதுவே இருக்கட்டும்."

"ஏன்?"

வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்ததும் ஒரு பருத்த அம்மாள் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள். அவள் கையிலும் அதே நோட்டீஸ்.

"ஆட்டம் பாட்டம் பிடிக்காதவனா? என் கல்யாணத்துல மேசை மேல ஏறி ஆடி, மேசையையே உடைச்சவன்டி உங்கப்பன்! எந்தக் கழுதை இதை எழுதுச்சு?"

"நான்தான் அத்தை. உக்காருங்க, காப்பி போடறேன்."

லோசன் மெல்ல அந்த நோட்டைப் புரட்டினார். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு பெயர். பழைய கேப்டன், மீன் கடைக்காரர், மேல்வீட்டு நர்ஸ். எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். பக்கம் பக்கமாகத் தோப்ரி கத்திக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தான்.

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வேணும்னே தப்பா போட்டியா?"

இஸ்க்ரா நோட்டின் கடைசியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். போன வருட நோட்டீஸ். 'படகில் சுக்கான் பிடித்தவர். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள்.'

லோசன் அதைப் படித்திருக்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று மெச்சிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனவர் அவர்.

"அதுல ஒரு தப்பும் இல்ல சித்தப்பா," என்றாள் இஸ்க்ரா. "அதான் ஒருத்தரும் வரல."