மகிழினியின் மாத்திரை

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா, சின்னதாய் ஒரு கதை சொல்கிறேன்.

ஒன்பது வயது மகிழினிக்குப் பயம் போக்கும் மாத்திரையைப் பள்ளியே கொடுத்து வந்தது. அதை நிறுத்தச் சொல்ல அவள் அம்மா செண்பகவல்லி பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை சம்மதிச்சாப் போதும்மா. பெத்தவங்க கையெழுத்தெல்லாம் இப்ப கேக்கறதில்ல," என்றார் டீச்சர்.

"அப்ப பெத்தவ நான் எதுக்கு டீச்சர்? போன மாசம் வரைக்கும் இந்த வாசல்ல என் முந்தானைய விடமாட்டா."

"இப்ப பயமே இல்லம்மா," என்றாள் டீச்சர் பக்கத்தில் நின்ற மகிழினி. அம்மாவின் கலங்கிய கண்களைப் பார்த்துவிட்டு, அன்றைய மாத்திரையை அவளிடமே நீட்டினாள். "நீ வேணா போட்டுக்கோ. தனியா வீட்டுக்குப் போகணும்ல."

செண்பகவல்லி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வீட்டை நோக்கி நடந்தாள்.

உங்கள் வீட்டில் பயப்படும் பிள்ளைக்கும் பயப்படும் தாய்க்கும் என்றைக்கும் துணை இருக்கட்டும், கண்ணுகளா.