மைலோவின் எடை

மைலோ தராசில் ஏற மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வேறு ஆளில்லை. பனிமூட்டம் உள்ளே வந்து, தகரக் கூரைக்கும் தரைக்கும் நடுவே சோம்பலாக மிதந்தது. வெளியே தேயிலை மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

சாவி கொண்டுவந்த சுப்பிரமணியம் கங்காணி சிரித்தார். “நாயா லா இது? கன்னுக்குட்டி!”

ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஈப்போ டவுனில் மிருக கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். இப்படி ஊதிப்போன நாய்கள் மூச்சு முட்டிச் சாவதை மேசையருகே நின்று பார்த்தவள். தின்னக் கொடுத்துக் கொல்கிறவர்கள் அழுதுகொண்டேதான் தூக்கி வருவார்கள்.

“இருபது கிலோவுக்கு மேல காட்டுச்சுன்னா இன்னிக்கே நான் கூட்டிட்டுப் போயிடுவேன்மா. பாசம் பாசம்னு சோத்தப் போட்டே சாவடிக்கிறீங்க.”

அம்மா பவளம் மெல்லத் தராசுப் பலகையில் ஏறி நின்றாள். உடனே மைலோவும் தள்ளாடி ஏறி, அவள் காலடியில் பொத்தென்று படுத்தது. அவள் இல்லாத இடத்தில் அது ஒரு நாளும் இருந்ததில்லை.

முள் கனவில் நடப்பதுபோல் நகர்ந்தது. ஆடியது. நின்றது.

“எழுபத்தொண்ணு,” என்றார் கங்காணி. கொழுந்து நிறுத்த பழக்க தோஷம், கூடவே கேட்டார்: “பனி ஈரத்துக்கு ரெண்டு கழிச்சுக்கலாமா?”

அம்மா ஐம்பத்தெட்டு கிலோ. போன வருஷம் தோட்டத்து கிளினிக்கில் ரூபினியே பார்த்தது. மனசுக்குள் கழித்தாள்.

பதிமூன்று.

பதிமூன்று கிலோ என்றால் விலா எலும்பை எண்ணலாம். பலகையில் கிடந்ததோ ஒரு பீப்பாய்.

“தராசு கெட்டுப்போச்சா மாமா?”

“நேத்து சாயந்தரம் வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு!”

அம்மா அவசரமாகக் கீழே இறங்கினாள். மைலோ எழவில்லை. அதற்குத் தூக்கத்தில் கண் சொருகிவிட்டது.

முள் தானாக இறங்கியது. முப்பத்திரண்டில் நின்றது.

கங்காணி இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை.

ரூபினி திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் மீதிக் கணக்கு வந்துவிட்டது.

அம்மா முப்பத்தொன்பது.

பனி அவர்கள் இருவருக்கும் நடுவே நுழைந்து, அம்மாவின் முகத்தை ஒரு கணம் அழித்து, மறுபடி கொண்டுவந்து வைத்தது.

“எறங்க மாட்டேங்குது பாப்பா.” அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “நாலு மாசமா. தட்டுல அப்படியே கெடந்தா உங்கப்பா கேப்பாரு. அதான்... அதுக்குப் போட்டுடுவேன்.”

ரூபினி அம்மாவின் மேல்கையைச் சுற்றிப் பிடித்தாள். அம்மா போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டருக்கு மேலேயே ரூபினியின் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.