ஒரிஜினல் கையெழுத்து

"நீ நீயாக இரு! இன்னொருவனின் நகலாக வாழாதே!" என்று ஒரு மணி நேரம் முழங்கிய பேச்சாளர், கைதட்டல் ஓய்ந்ததும் தம் புத்தகங்களில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்.

முதலில் நின்ற ஆசிரியை, அவர் போட்டுக் கொடுத்ததை உற்றுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்தாள்.

"சார், தபால்ல வாங்கின இதுல உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. கடைசிச் சுழி என்ன கம்பீரம்! இப்போ நீங்க போட்டது மருந்துச் சீட்டு மாதிரி இருக்கே. நீங்க அவர்தானா?"

"நான் நான்தாம்மா!"

"போலிங்களும் அப்படித்தானே சொல்லுவாங்க?"

பின்னால் நின்றவர்களும் தபாலில் வாங்கியிருந்த தங்கள் பிரதிகளைப் பிரித்து, அவளுடையதோடு ஒப்பிட்டார்கள். சலசலப்பு கூடியது. கை சுளுக்கு என்று சமாளித்து, பேச்சாளர் பின்வாசல் வழியாக நழுவினார்.

அடுத்த வாரம் இதைவிடப் பெரிய கூட்டம். அங்கேயும் மாட்டினால் மானம் கப்பலேறிவிடும். மறுநாள் காலையிலேயே நாலு கோடு நோட்டும் கையுமாக உட்கார்ந்து, தம் பெயரை முப்பது தடவை எழுதி மனைவியிடம் நீட்டினார்.

தபாலில் அனுப்பப் புத்தகங்களைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த மனைவி, சிவப்புப் பேனாவால் முப்பதையும் அடித்தாள்.

"அஞ்சு வருஷமா ஒவ்வொரு புத்தகத்துலயும் நான் போட்டுப் போட்டுப் பழகின கையெழுத்து, உங்களுக்கு ஒரே நாள்ல வந்துடுமா? சுழியே சரியில்ல. நீங்க இன்னும் நீங்களா வரலைங்க!"