புதுக் கீபோர்டின் முதல் வரி

நாவல் எழுதுவதற்கென்றே சபேசன் ஒரு கீபோர்டு செய்துகொள்ள நினைத்தார். அதில் ஒவ்வொரு எழுத்துப் பொத்தானுக்கும் அடியில் பொருத்தும் சுவிட்சைப் பொறுக்க, மாதிரிப் பெட்டியில் இருந்த நீலத்தையும் சிவப்பையும் மாதக்கணக்கில் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார். நீலம் டக்கென்று கத்தும். சிவப்பு வாயே திறக்காது.

"உன்னைத்தான்டா எடுப்பாரு. அவர் எழுதுறது தெருவுக்கே கேக்கணும்ல," என்றது சிவப்பு.

அப்படியே ஆனது. நீலம் தன் சொந்தபந்தங்களோடு கீபோர்டில் ஏறியது. பெட்டியில் தனியாகக் கிடந்த சிவப்பு, நாவலின் முதல் வரிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. டக் டக்கென்று கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

"என்னடா எழுதினாரு?"

"'நீலத்தைவிட நல்ல சுவிட்ச் எது?'ன்னு நெட்டுல தேடுறாரு," என்றது நீலம், முதல்முறையாகச் சத்தமில்லாமல்.

சிவப்பு சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வாடா. உன் இடத்தை யாருக்கும் குடுக்கலை."