ஜபத்தில் இருக்கிறாள்

மாமியாரின் துளசி மாலையைப் பெருமாள் படத்தருகே மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கணவர் மெல்லச் சொன்னார்.

"அம்மா போயி வருஷமாச்சு. ஆனா உன்னைப் படுத்தினதுதான் மனசுல நிக்குது. கைக்குழந்தைக்காரின்னும் பார்க்காம, தினமும் மத்தியானம் பூஜை ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் ஜபம் பண்ண வெச்சாங்களே. ஜபத்துல இருக்கறவளைக் கூப்பிட்டா பெருமாளுக்கு ஆகாதுன்னு கதவையும் சாத்திடுவாங்க. வீட்ல பத்துப் பேருக்கும் பயம்."

அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"அந்தப் பயம் இல்லேன்னா பத்துப் பேரும் என்னை உட்கார விட்டிருப்பீங்களா? உள்ள ஜபம் பண்ணினது அத்தைதான். நான் அவங்க மடியில தலை வெச்சுத் தூங்குவேன்."

"பெருமாள் எதிர்லயா? தப்பில்லையா?"

"நானும் கேட்டேன். 'அவரே பாம்பு மேல படுத்துத் தூங்கறவர்தானே, தூக்கத்தோட அருமை அவருக்குத் தெரியும்'னு சொல்லி, முந்தானையைப் போர்த்தி விட்டாங்க."